ஒரு கவுன்டி, ஆறு கருவிகள்: லத்தீனோ மக்களுக்கான பணியில் எந்தத் தரவை எதற்கு எடுப்பது?

கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஃப்ரெஸ்னோ கவுன்டி (நம் மாவட்டம் போன்றது). 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 10,08,654. அதில் பாதிக்கு மேல் லத்தீனோக்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் வேர் கொண்டவர்கள். அங்கே ஒரு தொண்டு நிறுவனத்திடம் இரண்டு நலப் பணியாளர்களுக்கான சம்பளமும் ஒரு வண்டிக்கான பணமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு வீடாகப் போய் ஸ்பானிய மொழியில் பேசி, மருத்துவமனைக்கும் காப்பீட்டுக்கும் வழிகாட்டும் இந்தப் பணியாளர்களை அந்த ஊர்க்காரர்கள் ‘ப்ரோமோதோரா’ என்பார்கள். வண்டி எந்த ஊருக்குப் போக வேண்டும்? துண்டறிக்கை எந்த மொழியில்? அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு எந்த நிதியைக் கேட்கலாம்? மூன்றுமே தரவைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவுகள். ஒரே கருவி மூன்றுக்கும் பதில் தராது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊர், பகுதி மட்டத்தில் முடிவெடுக்க ஏசிஎஸ் எனப்படும் அமெரிக்கச் சமூக ஆய்வின் ஐந்தாண்டு அட்டவணைகள். நிதி விண்ணப்பத்தின் முதல் பக்கத்துக்கு யூசிஎல்ஏவின் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) லத்தீனோ டேட்டா ஹப். அட்டவணையில் இல்லாத கேள்விக்கு மட்டும் தனிநபர்ப் பதிவுகளின் களஞ்சியமான ஐபம்ஸ். உடல்நலத்துக்கு கலிஃபோர்னியா உடல்நல நேர்காணல் ஆய்வு. பார்க்க அழகாக இருக்கும் பிளேசஸ் என்ற நோய் வரைபடம் அல்ல. நிதித் தகுதிக்கு கால்என்விரோஸ்கிரீன் என்ற மாநில மாசுக் கருவி. 2020 கணக்கெடுப்பைத் தலை எண்ணிக்கைக்கு மட்டும் தொடுங்கள். எல்லாமே இலவசம், செலவாவது உங்கள் நேரம்தான்.

யாரை எண்ணுகிறார்கள்?

கருவியைத் திறப்பதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சென்சஸ் அலுவலகத்தின் படிவத்தில் ‘ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ’ என்பது இனம் அல்ல, பூர்விகம். அதற்கு ஒரு கேள்வி, இனத்துக்கு வேறொரு கேள்வி. ஸ்பெயின்காரர் இந்தக் கணக்கில் வருவார், பிரேசில்காரர் வரமாட்டார். படிவத்தில் ‘நான் லத்தீனோ’ என்று பிரேசில்காரர் எழுதினாலும் பின்னால் நடக்கும் திருத்தத்தில் வெளியே போய்விடுவார். 2020 ஏசிஎஸ்ஸில் அந்தத் திருத்தம் ஓரளவு விட்டுப்போனது. ஹிஸ்பானிக் என்று பதிவான பிரேசில்காரர்கள் 2019இல் சுமார் 14,000 பேர். 2020இல் 4,16,000 பேர். 2021இல் மறுபடியும் 16,000க்குத் திரும்பினார்கள். இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது பியூ ஆய்வு மையம். ஆட்கள் எங்கும் போகவில்லை, வந்து சேரவும் இல்லை. குறியீடு மட்டும்தான் மாறியது.

இனக் கேள்வியிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். 2010இல் லத்தீனோக்களில் 2.67 கோடிப் பேர் ‘வெள்ளையர் மட்டும்’ என்று பதிவானார்கள். 2020இல் அது 1.26 கோடி. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம் என்று பதிவானவர்கள் 30 லட்சத்திலிருந்து 2.03 கோடிக்கு ஏறினார்கள். கேள்வியின் வடிவமும் பதிலைக் குறியிடும் முறையும் மாறியதற்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆகவே லத்தீனோக்களுக்குள் இனவாரியாக 2010ஐயும் 2020ஐயும் ஒப்பிட்டுப் படம் போடாதீர்கள். மொத்த எண்ணிக்கையை, அதாவது 5.05 கோடி 6.21 கோடியானதை, ஒப்பிடுவதில் தவறில்லை.

2024 மார்ச்சில் கூட்டரசு இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிப் புதிய தரநிலை வெளியிட்டது. அது அலுவலகங்களுக்குள் இறங்கும்போது இன்னொரு முறிவு வரும். இன்று கட்டும் கோப்பில் ‘எந்த ஆண்டுக் கேள்வி’ என்று ஒரு பத்தி (நெடுவரிசை) வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

ஏசிஎஸ்: இங்கேதான் பாதி வேலை

ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகும் மாதிரி ஆய்வு இது. ஓராண்டு மதிப்பீடு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும் வரும். ஃப்ரெஸ்னோ நகரம், க்ளோவிஸ், கவுன்டி முழுமை ஆகியவற்றுக்கு அது கிடைக்கும். வண்டி போக வேண்டிய மென்டோட்டா, ஹூரோன், பார்லியர் போன்ற சிற்றூர்களுக்குக் கிடைக்காது. அவற்றுக்கு ஐந்தாண்டு மதிப்பீடு ஒன்றே வழி. அது ட்ராக்ட் வரைக்கும், சில அட்டவணைகளில் அதற்கும் கீழே பிளாக் குரூப் வரைக்கும் இறங்கும். ட்ராக்ட் என்பது 1,200இலிருந்து 8,000 பேர் வரை வாழும் பகுதி. 4,000 பேரை மனதில் வைத்துத்தான் எல்லை போடுகிறார்கள்.

எடுக்க வேண்டிய அட்டவணைகள் அதிகமில்லை. பி03002 லத்தீனோக்களையும் மற்றவர்களையும் இனவாரியாகப் பிரிக்கும். பி03001 மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா என்று பூர்விகவாரியாகப் பிரிக்கும். எல் சால்வடோர்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் மென்டோட்டாவை ‘மெக்சிகோ ஊர்’ என்று நினைத்துத் துண்டறிக்கை எழுதாமலிருக்க இது உதவும். அட்டவணை எண்ணின் கடைசியில் ‘ஐ’ எழுத்து இருந்தால் அது லத்தீனோக்களுக்கான பதிப்பு: பி19013ஐ வீட்டு வருமானம், சி27001ஐ மருத்துவக் காப்பீடு, பி25003ஐ சொந்த வீடா வாடகையா என்பது.

இந்தக் கடைசி எழுத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘ஏ’ என்றால் வெள்ளையர் மட்டும். அதற்குள் தங்களை வெள்ளையர் என்று சொன்ன லத்தீனோக்களும் அடக்கம். ‘எச்’ என்றால் லத்தீனோ அல்லாத வெள்ளையர். லத்தீனோக்களோடு ஒப்பிட வேண்டியது ‘எச்’ பதிப்பை. ‘ஏ’யை எடுத்தால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்பார், இடைவெளி குறைந்து தெரியும். பி19013ஐ குடும்பத் தலைவர் லத்தீனோவாக உள்ள வீடுகளின் நடு வருமானம் (மீடியன்) என்பதையும் மறக்க வேண்டாம். தலைவர் லத்தீனோவாக இல்லாத வீட்டில் வாழும் லத்தீனோக்கள் அதில் வரமாட்டார்கள்.

மொழிக்கு இரண்டு அட்டவணைகள், தேர்வு முக்கியம். சி16001 ஆட்களை எண்ணுகிறது: 5 வயதுக்கு மேல், வீட்டில் ஸ்பானிய மொழி, ஆங்கிலம் ‘மிக நன்றாக’ வராது. சி16002 வீடுகளை எண்ணுகிறது: 14 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்குக்கூட ஆங்கிலம் ‘மிக நன்றாக’ வராத வீடு. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஆங்கிலம் மிக நன்றாக வந்தால் போதும், அந்த வீடு இரண்டாவது கணக்கிலிருந்து மறைந்துவிடும். அந்தப் பெண்தான் அம்மாவோடு மருத்துவரிடம் போய் மொழிபெயர்க்கிறாள் என்பதை அட்டவணை சொல்லாது. ப்ரோமோதோரா எங்கே தேவை என்ற கேள்விக்கு சி16001ஐயே எடுங்கள். கால்என்விரோஸ்கிரீனின் ‘மொழித் தனிமை’ குறியீடு வீட்டுக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டியதில்லை.

எடுக்கும் முறை: சென்சஸ் தரவுத் தளத்தில் அட்டவணை எண்ணைத் தட்டுங்கள். இடம் என்பதில் ட்ராக்ட், கலிஃபோர்னியா, ஃப்ரெஸ்னோ, அனைத்து ட்ராக்டும் என்று தேர்ந்தெடுங்கள். ஆண்டில் ‘2023, ஐந்தாண்டு’ என்பது 2019 முதல் 2023 வரையிலான சராசரி. இறக்கும் சிஎஸ்வி கோப்பில் முதல் வரி குறியீட்டுப் பெயர், இரண்டாவது வரி விளக்கம். இரண்டாவதை நீக்காமல் கணக்குப் போட்டால் எண் பத்தி முழுவதும் எழுத்தாகிவிடும். இடக் குறியீட்டின் கடைசி 11 எழுத்துகளை மட்டும் வெட்டி எடுங்கள்: மாநிலத்துக்கு 2, கவுன்டிக்கு 3, ட்ராக்டுக்கு 6. கலிஃபோர்னியாவின் மாநில எண் 06. எக்செல் அந்த முன் பூஜ்ஜியத்தைத் தின்றுவிடும். 06019001100 என்பது 6019001100 ஆகும், பிறகு எந்த வரைபடத்தோடும் சேராது. சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு இறக்குமதி வழியே போய் அந்தப் பத்தியை எழுத்து வகையாக அறிவியுங்கள். ஏற்கெனவே போயிருந்தால் டெக்ஸ்ட் ஃபார்முலாவில் 11 பூஜ்ஜிய வடிவம் கொடுத்து மீட்கலாம்.

மதிப்பு இல்லாத கட்டத்தில் தளம் ஒரு கோடு போடும். நிரல் வழியாக ஏபிஐயில் எடுத்தால் அதே கட்டத்தில் -666666666 என்று வரும். அதை வடிகட்டாமல் சராசரி எடுத்த அறிக்கைகளில் வருமானம் மைனஸில் போயிருக்கும். நடு வருமானம் 2,50,000 டாலருக்கு மேல் போனால் ‘250,000+’ என்றுதான் வரும். ஃப்ரெஸ்னோவின் லத்தீனோ அட்டவணைக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அங்கே கோடுகள்தான் தொல்லை.

பிழை வரம்பு

ஒவ்வொரு மதிப்பீட்டின் பக்கத்திலும் ஒரு பிழை வரம்பு இருக்கும். அது 90 சதவீத நம்பகத்துக்கானது. அதை 1.645ஆல் வகுத்தால் திட்டப் பிழை. திட்டப் பிழையை மதிப்பீட்டால் வகுத்தால் மாறுபாட்டுக் கெழு. நடைமுறையில் பலர் கைக்கொள்ளும் எல்லை: 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நம்பலாம், 12 முதல் 40 வரை கவனமாகப் பயன்படுத்தலாம், 40க்கு மேல் இருந்தால் ஒதுக்கலாம்.

கற்பனையான எண்களில் பார்ப்போம். ஒரு ட்ராக்டில் காப்பீடு இல்லாத லத்தீனோக்கள் 420, பிழை வரம்பு 180. திட்டப் பிழை 109, கெழு 26 சதவீதம். பக்கத்து ட்ராக்டில் 510, பிழை வரம்பு 210. இரண்டாவதில் தேவை அதிகம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வித்தியாசம் 90; வித்தியாசத்தின் பிழை வரம்போ 180, 210 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 277. வரைபடத்தில் ஒன்று வெளிர் சிவப்பு, மற்றது அடர் சிவப்பு. ஆனால் தரவு அப்படிச் சொல்லவில்லை.

தீர்வு ட்ராக்டுகளைச் சேர்ப்பது. 420±180, 510±210, 380±160, 640±230 என்ற நான்கையும் சேர்த்தால் 1,950, பிழை வரம்பு 394, கெழு 12.3 சதவீதம். ஒரே வண்டி ஒரே நாளில் சுற்றக்கூடிய நான்கு ட்ராக்டுகளைச் சேர்த்தால் எண்ணும் நிற்கும், வேலைத் திட்டமும் நிற்கும். சேர்க்கும்போது மதிப்பீடு பூஜ்ஜியமாக உள்ள கட்டங்கள் பல இருந்தால், அவற்றில் மிகப் பெரிய பிழை வரம்பை ஒரே முறைதான் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் பிழை ஊதிப்போகும். நடு வருமானத்தை இப்படிக் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. அதற்கு வருமானப் பகிர்வு அட்டவணைக்குத் திரும்ப வேண்டும்.

ஐந்தாண்டு சராசரிக்கு வேறொரு பலவீனமும் உண்டு. கலிஃபோர்னியா, குறைந்த வருமானத்தாருக்கான தன் மெடி-கால் காப்பீட்டைக் குடியேற்ற நிலை பாராமல் படிப்படியாகத் திறந்தது: 2016இல் குழந்தைகளுக்கு, 2020இல் 19 முதல் 25 வயதினருக்கு, 2022இல் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, 2024 ஜனவரியில் மீதமிருந்த 26 முதல் 49 வயதினருக்கு. பின்னர் 2026 ஜனவரி முதல் குடியேற்ற ஆவணமில்லாப் பெரியவர்களின் புதிய சேர்க்கையை நிறுத்தியது. 2019–2023 சராசரி கடைசித் திறப்பையும் காணவில்லை, நிறுத்தத்தையும் காணவில்லை. அதை வைத்து ‘இன்று இத்தனை பேருக்குக் காப்பீடு இல்லை’ என்று எழுதுவது பிழை. எந்தப் பகுதியில் ஒப்பீட்டளவில் அதிகம் என்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

மாற்றத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஆண்டுகள் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு தொகுப்புகளை எடுங்கள்: 2014–2018, 2019–2023.

2020 கணக்கெடுப்பு

எல்லா வீட்டையும் எண்ணியது என்பதால் இதுவே துல்லியம் என்று தோன்றும். ஆனால் சென்சஸ் அலுவலகமே நடத்திய பின்னாய்வின்படி லத்தீனோக்களில் நிகரமாக 4.99 சதவீதம் பேர் விட்டுப்போனார்கள். 2010இல் இது 1.54. ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள், கொட்டகையிலும் டிரெய்லரிலும் தங்கும் பண்ணைத் தொழிலாளர்கள், பெயர் கொடுக்கப் பயம் என்று காரணங்கள் பல. அந்த 4.99ஐ எடுத்து உங்கள் கவுன்டி எண்ணோடு பெருக்கிச் ‘சரிசெய்யும்’ ஆசை வரும். கூடாது. அது நாடு முழுமைக்கான எண். ஃப்ரெஸ்னோவில் விடுபட்ட விகிதம் அதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

தனியுரிமைக்காக 2020 எண்களில் திட்டமிட்டே சிறு தற்செயல் மாற்றங்களைக் கலந்திருக்கிறார்கள். மாநில மொத்தம் அப்படியே இருக்கும். பிளாக் எனப்படும் மிகச் சிறிய பகுதி மட்டத்தில் ஆளில்லா வீட்டில் ஆள் இருப்பதுபோலக்கூட வரும். ஆகவே பிளாக் எண்ணைத் தனியாக மேற்கோள் காட்டாதீர்கள்.

இதை ஒரு காரியத்துக்குக் கட்டாயம் திறக்க வேண்டும்: சிறைச்சாலை. கொலிங்காவில் ப்ளெசன்ட் வேலி மாநிலச் சிறை இருக்கிறது. கைதிகள் அந்த ட்ராக்டின் குடியிருப்பாளர்களாகவே எண்ணப்படுகிறார்கள். ‘இங்கே லத்தீனோ ஆண்கள் இத்தனை அதிகமா?’ என்று வண்டியை அனுப்பினால் முள்வேலிதான் வரவேற்கும். தேர்தல் தொகுதி மறுவரையறைக்கான கணக்கெடுப்புக் கோப்பின் பி5 அட்டவணை, கூட்டு வசிப்பிடங்களில் இருப்போரைச் சிறை, விடுதி, முதியோர் இல்லம் என்று பிரித்துக் காட்டும். முதலில் அதைப் பாருங்கள்.

ஹப்பா, ஐபம்ஸா?

யூசிஎல்ஏவின் லத்தீனோ கொள்கை, அரசியல் நிறுவனம் 2023இல் வெளியிட்டது லத்தீனோ டேட்டா ஹப். ஏசிஎஸ்ஸின் தனிநபர்ப் பதிவுகளை அவர்களே அலசி, வருமானம், வீடு, கல்வி, காப்பீடு என்று தலைப்புவாரியாகத் தயாராக வைத்திருக்கிறார்கள். லத்தீனோக்களையும் மற்றவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். எக்செல்கூடச் சரளமாக வராத ஒரு பணியாளர் அரை மணி நேரத்தில் விண்ணப்பத்துக்கான இரண்டு பத்திகளை எழுதிவிடலாம். வேறு எந்தக் கருவியிலும் இந்த வேகம் இல்லை. ஆனால் மென்டோட்டாவா பார்லியரா என்று அதனிடம் கேட்காதீர்கள். அது பெரிய பரப்புக்கான கண்ணாடி.

ஐபம்ஸ், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் களஞ்சியம். அதே தனிநபர்ப் பதிவுகளை உங்கள் கையிலேயே கொடுத்துவிடும். ‘வெளிநாட்டில் பிறந்த, பண்ணை வேலை செய்யும், வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உள்ள லத்தீனோப் பெண்கள் எத்தனை பேர்?’ என்பது எந்த அட்டவணையிலும் கிடைக்காது, இங்கே கிடைக்கும். பதிவு செய்து, மாறிகளைத் தேர்ந்து, கோப்பு தயாரானதும் ‘ஆர்’ அல்லது ‘ஸ்டாட்டா’ என்ற புள்ளியியல் மென்பொருளில் திறக்க வேண்டும். நிரல் எழுதாதவர்களுக்கு அவர்களின் இணைய அலசல் கருவி உண்டு. ஆளை எண்ணும்போது பெர்வெயிட், வீட்டை எண்ணும்போது எச்எச்வெயிட் என்ற எடையைப் போடாமல் வரும் எந்த எண்ணும் குப்பை.

விலை என்னவென்றால் இடம். பதிவுகளில் கிடைக்கும் மிகச் சிறிய பரப்பு பூமா. குறைந்தது 1,00,000 பேர். பத்து லட்சம் பேர் உள்ள கவுன்டியைப் பத்துத் துண்டுக்கு மேல் போட முடியாது. 2010 எல்லைகளில் செல்மா, கெர்மன், கொலிங்கா மூன்றும் ஒரே பூமாவுக்குள் இருந்தன. அந்த ஊர்களுக்கு நடுவே வண்டி ஓட்டியவருக்குத்தான் இதன் அபத்தம் புரியும். இன்னொரு பொறி: 2022 பதிவுகளிலிருந்து பூமா எல்லைகள் மாறிவிட்டன. 2019–2023 கோப்பில் முதல் மூன்று ஆண்டுகள் பழைய எல்லை, பின் இரண்டு ஆண்டுகள் புதிய எல்லை. ஒரே எண் இரண்டு வெவ்வேறு இடங்களைக் குறிக்கலாம். கவுன்டி முழுமைக்குக் கணக்கிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. உள்ளே பிரித்தால் ஆண்டுவாரியாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை: நிரல் எழுதத் தெரிந்த ஒருவருடைய ஒரு வாரம் கையில் இருந்தால் மட்டும் ஐபம்ஸ். இல்லையென்றால் ஹப்.

உடல்நலம்: பிளேசஸ் வரைபடத்தின் வட்டம்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் பிளேசஸ், ட்ராக்ட்வாரியாக நீரிழிவு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா என்று காட்டும். எல்லோரும் ஆசைப்படுவார்கள்: ‘லத்தீனோ விகிதத்தையும் நீரிழிவு விகிதத்தையும் ஒரே படத்தில் வைத்தால் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!’ பொருந்தாமல் எங்கே போகும்? பிளேசஸ் அந்த ட்ராக்டில் யாரையும் சோதித்துப் பெற்ற எண் அல்ல. தொலைபேசி ஆய்வில் எந்த வயது, பாலினம், இனம், கல்விப் பிரிவினருக்கு என்ன நோய் என்று பார்த்து, அந்த ட்ராக்டில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துப் புள்ளியியல் சூத்திரத்தில் கணித்தது. லத்தீனோ விகிதம் உள்ளீட்டிலேயே இருக்கிறது. வெளியீட்டில் மறுபடி அதையே கண்டுபிடிப்பது தன் வாலைத் தானே பிடிப்பது. உள்ளூரில் ஒரு மருத்துவமனை நன்றாக வேலை செய்து நீரிழிவைக் குறைத்திருந்தாலும் அது இந்த எண்ணில் தெரியாது. ‘இந்தப் பகுதியில் தோராயமாக இவ்வளவு பேர் எதிர்பார்க்கலாம்’ என்று மருந்துக் கையிருப்புக்குத் திட்டமிட உதவும். திட்டத்தின் பலனை அளக்க உதவாது.

அதற்குப் பதில் யூசிஎல்ஏ உடல்நலக் கொள்கை ஆய்வு மையம் 2001 முதல் நடத்தும் நேர்காணல் ஆய்வு. கேள்விகள் ஸ்பானிய மொழியிலும் கேட்கப்படுகின்றன. ‘ஆஸ்க்சிஸ்’ என்ற இணையக் கருவியில் கவுன்டி, லத்தீனோ, கேள்வி, ஆண்டுகள் என்று தேர்ந்தால் விடை வரும். ஓராண்டுக்கு ஒரு கவுன்டியில் ஒரு பிரிவினரின் மாதிரி சிறியது. இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்தே கேளுங்கள். நிலையற்ற மதிப்பீடு என்ற குறி வந்தால் அதை அறிக்கையில் போடாமல் விடுங்கள். ட்ராக்ட் மட்டம் இதில் இல்லை. அந்தக் குறையோடேயே இதுதான் மேல், ஏனென்றால் உண்மையில் லத்தீனோக்களிடமே கேட்டுப் பெற்ற பதில் இது.

கால்என்விரோஸ்கிரீன்: காசு இருக்கும் கதவு

இதன் நான்காம் பதிப்பு 2021 அக்டோபரில் வந்தது. 21 குறியீடுகளில் மாசுச் சுமையையும் மக்கள் நிலையையும் தனித்தனியே 10க்கு மதிப்பிட்டுப் பெருக்கி, ட்ராக்டுகளை வரிசைப்படுத்துகிறது. பூச்சிக்கொல்லி, குடிநீர், நுண்தூசி எல்லாம் உண்டு. இனம் மதிப்பெண்ணில் கிடையாது. ஆகவே ‘இது லத்தீனோப் பகுதிகளின் பட்டியல்’ என்று எழுத வேண்டாம். மேல் வரிசையில் லத்தீனோக்கள் அதிகம் என்பதைத் தனியாக ஏசிஎஸ் எண்ணோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

சேர்க்கும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். நான்காம் பதிப்பு 2010 ட்ராக்ட் எல்லைகளில் நிற்கிறது; 2019–2023 ஏசிஎஸ் 2020 எல்லைகளில். மக்கள் பெருகிய இடங்களில் ஒரு ட்ராக்ட் இரண்டாகியிருக்கும். எண்ணை வைத்து நேராகச் சேர்த்தால் அந்த வரிகள் காலியாக வரும். எக்செல்லில் அவற்றை ‘தரவு இல்லை’ என்று விட்டுவிடுவது வழக்கம். வளரும் லத்தீனோப் பகுதிகள் அப்படியே கைநழுவும். எளிய வழி: ஒப்பிடுவதற்கு மட்டும் 2015–2019 ஏசிஎஸ்ஸை எடுங்கள், அதுவும் பழைய எல்லைதான். புதிய எண்ணே வேண்டுமென்றால் ஐபம்ஸின் என்எச்ஜிஐஎஸ் பிரிவில் எல்லை மாற்று எடைகள் கிடைக்கும். முன் பூஜ்ஜியத்தையும் மறுபடி பாருங்கள். இந்தக் கோப்பில் ட்ராக்ட் எண், எண்ணாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது.

இதை இவ்வளவு சிரமப்பட்டுச் சேர்ப்பதற்குக் காரணம் பணம். 2012இன் எஸ்பி 535 சட்டப்படி மாநிலத்தின் காலநிலை நிதியில் ஒரு பங்கு ‘பின்தங்கிய சமூகங்கள்’ என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குப் போக வேண்டும். அந்தப் பட்டியலில் முதல் 25 சதவீத ட்ராக்டுகளோடு, 2017 பட்டியலில் இருந்தவையும், மொத்த மதிப்பெண் இல்லாவிட்டாலும் மாசுச் சுமையில் உச்சத்தில் உள்ளவையும், பழங்குடி நிலங்களும் உண்டு. ‘எங்கள் ட்ராக்ட் 74ஆம் சதமானத்தில் இருக்கிறது, போச்சு’ என்று கோப்பை மூடுவதற்கு முன் அதிகாரப்பூர்வப் பட்டியலையே திறந்து பாருங்கள்.

அட்டவணையில் பெயரில்லாதவர்கள்

ஏசிஎஸ்ஸின் விரிவான மொழி அட்டவணை பி16001இல் தமிழுக்குத் தனி வரி இருக்கிறது. தெலுங்குக்கும் இருக்கிறது. ஃப்ரெஸ்னோ, மதேரா வயல்களில் வேலை செய்யும் ஒஹாகா மாநிலத்தவர் பேசும் மிஷ்தேகோ, த்ரிக்கி மொழிகளுக்கு இல்லை. அவர்கள் ‘பிற’ என்ற பத்தியில் கரைவார்கள், அல்லது வீட்டில் ஸ்பானிய மொழி என்று பதிவாவார்கள். ஸ்பானிய மொழி பேசும் ப்ரோமோதோராவை அனுப்பி, கதவைத் திறந்தவர் தலையாட்டுவதைப் பார்த்துப் புரிந்தது என்று நினைத்துத் திரும்புவது இதன் விளைவு.

இந்த ஒரு இடத்தில் பள்ளித் தரவு எல்லாவற்றையும் மிஞ்சும். கலிஃபோர்னியாக் கல்வித் துறையின் டேட்டாக்வெஸ்டில், ஆங்கிலம் கற்கும் மாணவர்களை வீட்டு மொழிவாரியாகப் பள்ளி மட்டத்தில் பார்க்கலாம். மிஷ்தேகோவுக்கு அங்கே தனிக் குறியீடு உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தலை எண்ணிக்கை அது. மாதிரி அல்ல, பிழை வரம்பும் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளை இல்லாத வீடு வராது. பெற்றோர் படிவத்தில் ஸ்பானிய மொழி என்று எழுதினால் அதுவே பதிவாகும். ஆகவே வரும் எண்ணைக் குறைந்தபட்சம் என்று கொள்ளுங்கள். ஒரு பள்ளியில் ஐந்தாறு மிஷ்தேகோப் பிள்ளைகள் தெரிந்தாலே, மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் ஒதுக்க அது போதிய காரணம்.

குறுகிய கேள்விகளுக்கு இன்னும் இரண்டு. வீட்டுக் கடன் மறுப்பைப் பார்க்க, கடன் கொடுப்பவர்கள் சட்டப்படி தரும் எச்எம்டிஏ பதிவுகள். 2018 முதல் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா என்ற உட்பிரிவும் உண்டு. ஏழைக் குடும்பத்தில் வளர்ந்த லத்தீனோப் பிள்ளைகள் பெரியவர்களாகி எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதற்கு ஆப்பர்ச்சூனிட்டி அட்லஸ். அது 1978 முதல் 1983க்குள் பிறந்தவர்களைப் பற்றியது, அவர்கள் வளர்ந்த தெரு இன்று வேறாக இருக்கலாம்.

பிரதி எடுங்கள், எல்லாவற்றையும் வெளியிடாதீர்கள்

கூட்டரசின் சுற்றுச்சூழல் நீதி வரைபடக் கருவியான ஈஜேஸ்கிரீன் 2025 பிப்ரவரியில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. தன்னார்வக் கூட்டமைப்பு ஒன்று அதை மறுபடி கட்டி வேறிடத்தில் வைத்தது. அதன் இணைப்பை மட்டும் நம்பியிருந்த விண்ணப்பங்கள் அந்தரத்தில் தொங்கின. இறக்கிய மூலக் கோப்பு, இறக்கிய தேதி, அட்டவணை எண், ஆண்டு, எல்லைப் பதிப்பு ஆகிய ஐந்தையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். மூலத்தில் கை வைக்காமல் பிரதியில் வேலை செய்யுங்கள்.

பி05003ஐ அட்டவணை லத்தீனோக்களில் குடிமக்கள் அல்லாதவர்களை எண்ணும். அதில் பச்சை அட்டைக்காரரும் மாணவ விசாக்காரரும் ஆவணமில்லாதவரும் ஒன்றாகவே இருப்பார்கள். குடியேற்ற நிலையை ஏசிஎஸ் கேட்பதே இல்லை. ஆகவே அதை ‘ஆவணமில்லாதவர் வரைபடம்’ என்று தலைப்பிட்டால் முதலில் பொய், பிறகு ஆபத்து. 1942இல் ஜப்பானிய அமெரிக்கர்களை அப்புறப்படுத்த உதவியது சென்சஸ் அலுவலகம் கொடுத்த தெருப் பகுதிவாரியான எண்ணிக்கைதான். ஒரு பெயரும் தேவைப்படவில்லை.

வண்டியின் பாதையை முடிவுசெய்ய ட்ராக்ட் பட்டியல் அலுவலகத்துக்குள் இருக்கட்டும். வெளியே போகும் அறிக்கையில் ஊர் அல்லது கவுன்டி மட்ட எண் போதும். குடியுரிமைப் பத்தியை நிதி கொடுப்பவர் கேட்டால், மொழி எண்ணும் காப்பீட்டு எண்ணும் அதே தேவையைக் காட்டுகின்றன என்று சொல்லி, அந்த இரண்டை மட்டும் கொடுங்கள்.